தித்திக்கும் தட்டு

மலையடிவாரம், கச்சிராயபாளையம் வழி
4.1.2026

786

அக்கா மகள், அன்பு மருமகள் ஜன்னதுல் பிர்தௌஸுக்கு மாமா சர்புதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம், நான் கொஞ்சம் ஜாஸ்தி நலம்.

பக்ரீத் அன்று பிரியாணி சஹன் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "அது என் ஃபார்முலா, மாமா கிண்டறது கஞ்சி" என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "இனிமே இந்தப் பொண்ணு குரல் என் காதுல விழாது" என்று சத்தியம் பண்ணினேன். சர்புதீன் சத்தியம் தவறமாட்டான். ஆனால் குரல் என்றுதான் சொன்னேனே தவிர, எழுத்து என்று சொல்லவில்லை. வக்கீல் மாதிரி யோசித்துத்தான் வார்த்தையை விட்டேன். அதனால் இந்தத் தபால். போன் போடாதே, எடுக்கமாட்டேன்.

விஷயம் இதுதான். நான் இப்போது தொழிலதிபர். பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததோடு சர்புதீன் கடை காலி, ஆளும் காலி என்று கள்ளக்குறிச்சி பஜாரே பேசியது. இப்போது வந்து பார்க்கச் சொல். மலைச்சரிவில் கொட்டகை போட்டு, பாக்குமட்டைத் தட்டு அடிக்கிற பழைய அச்சு மிஷினை இறக்கி, மரவள்ளி மாவையும் களிமண்ணையும் கலந்து தட்டு அடிக்கிறேன். அதில் சாப்பிடலாம். சாப்பிட்டு வீசினால் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். நீ லீவில் வந்தபோது உங்கம்மா அடுப்பங்கரையில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாயே, அது மாதிரிதான். ஆனால் அது வேறு, இது வேறு. இது 'சர்புதீன் தட்டு'. பெட்டிமேல் என் படம் இருக்கிறது. கோட்டு நிஜக் கோட்டு இல்லை, கம்ப்யூட்டரில் போட்டது.

முதலில் ஏரி மண்ணைப் போட்டேன், தட்டு அப்பளமாக நொறுங்கியது. பிறகு ஒரு மண் கண்டுபிடித்தேன் பார், உங்கள் புனேக்காரர்கள் ஏழு ஜென்மம் எடுத்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்கள். விரிசல் கிடையாது. தட்டு கனமாக வெண்கலம் மாதிரி கையில் நிற்கிறது. அதைவிட அதிசயம், தட்டு தித்திக்கிறது! சர்க்கரை ஒரு சிட்டிகை போடவில்லை. அல்லாஹ் போட்ட சர்க்கரை. போன வாரம் ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து அசந்துபோனார். ஜப்பான்காரர் இல்லை, ஜப்பான் மிஷின் விற்கிற ஆத்தூர்க்காரர். அசந்தது நிஜம்.

ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் கூட்டத்தைக் கூட்டி, ஒரு தட்டைக் கையாலேயே உடைத்து, மென்று, தண்ணீர் குடித்துக் காட்டுவேன். கைதட்டல் அடங்கப் பத்து நிமிஷம் ஆகும். ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகைக்குக் கீழே மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி இருக்கிறது. அதற்குச் சாமான் போடும் காண்டிராக்டர் செல்லமுத்து தட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "தட்டு சூப்பரு பாய். ஆனா சீல் வெச்ச தாளு ஒண்ணு இல்லாம புள்ளைங்களுக்குப் போடமுடியாதுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா என் தலைதான் உருளும்" என்கிறார். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் சீல் இருக்குமே. நாலு தட்டு பார்சலில் வருகிறது. ஒரு தாள் எழுதி, இரண்டு குத்து குத்தி அனுப்பு. பழையதை மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கே. சர்புதீன், நிறுவனர்

புனே
10.1.2026

மாமாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

"ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாயே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஏதோ'வைக் கிண்ட நான் மூன்று வருடம் படித்தேன். நீங்கள் அடுப்பங்கரை வாசலில் நின்று டீ குடித்தபடி அரைமணி நேரம் பார்த்தீர்கள். பெட்டிமேல் உங்கள் படம். மன்னித்ததும் நீங்கள். நல்லது.

பதிலே எழுதக்கூடாது என்றிருந்தேன். ஆனால் பார்சலில் ஒரு தட்டு உடைந்து வந்திருந்தது. துண்டைக் கையில் எடுத்ததும் மனசு சரியில்லை.

மாமா, இது இவ்வளவு கனமாக இருக்கக்கூடாது. இந்த வேலையில் களிமண் கொஞ்சம் போதும். கழுவிச் சலித்த மண் மாவுக்குள் மெல்லிய ஏடுகளாகப் பரவி நிற்கும். தண்ணீர் புகாமல் தடுப்பது அந்த ஏடுகள்தான். எவ்வளவு அள்ளிப் போட்டாலும் சாதாரணக் களிமண்ணில் இந்தக் கனம் வராது. தித்திப்பும் வராது. மரவள்ளி மாவு தித்திக்காது. மாவைக் குழைக்கச் சேர்க்கிற கிளிசரின் லேசாகத் தித்திக்கும். நீங்கள் சொல்கிற அளவுக்கு அல்ல.

மண்ணை எங்கே எடுக்கிறீர்கள்? மாவைக் கிண்டும்போது கிளிசரின் எவ்வளவு, வினிகர் எவ்வளவு சேர்க்கிறீர்கள்? உடனே எழுதுங்கள்.

சர்டிபிகேட் தருவேன் என்று நினைக்கவேண்டாம். சோதித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதுவரை யாருக்கும் தட்டைக் கொடுக்காதீர்கள். நீங்களும் வாயில் வைக்காதீர்கள். இந்த ஒன்றையாவது எனக்காகச் செய்யுங்கள்.

ஜன்னத்

மலையடிவாரம்
18.1.2026

786

மருமகளே, உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். பயந்த பிள்ளை நீ. சின்ன வயசில் கோமுகி அணையில் ஷட்டர் திறக்கிற சத்தத்துக்கே என் கைலிக்குள் ஒளிந்துகொண்டவள்.

கேட்டாயே, சொல்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கிருந்தோ வந்த சிலர் அங்கே பழைய லாரி பேட்டரிகளை உடைத்து உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்தப் பள்ளத்து மண்தான். கருஞ்சாம்பல் நிறம், அங்கங்கே செங்கல் சிவப்பு. மாவு மாதிரி நைசு. என்னிடம் வேலை செய்கிற பாவாடை என்கிற மலைக்காரன், "பாய், அந்தப் பள்ளத்துல ஆடுகூட மேயாதுங்க, நம்மளுக்கு இன்னாத்துக்கு" என்றான். அட மடையா, புல் பூண்டு முளைக்காத மண் என்றால் அழுக்கு இல்லாத மண் என்று அர்த்தம், வேர் பொறுக்குகிற வேலை மிச்சம் என்று விளக்கினேன். எட்டாவது படித்தவன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? அந்தக் காலத்து எட்டாவது.

கிளிசரின் யானை விலை. அதைக் கம்மி பண்ணி வினிகரை ஜாஸ்தி பண்ணினேன். மண்ணை வினிகரில் ராத்திரி பூராவும் ஊறப்போடுவேன். இது என் சொந்த மூளை, உன் ஃபார்முலாவில் கிடையாது, தைரியமாகச் சபையில் சொல்லலாம். ஊற ஊறத் தித்திப்பு ஏறுகிறது. பாவாடையின் பிள்ளைகள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மிட்டாய் மாதிரி சப்புகின்றன. விரட்டினாலும் போவதில்லை.

இங்கே ஒரு சின்ன தொந்தரவு. கழித்த தட்டுகளைத் தின்னப் பழகிய பாவாடையின் வெள்ளாடு இரண்டும் பொங்கலன்று ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. பல்லை நறநறவென்று கடித்தன. அப்புறம் தலையைக் கொண்டுபோய் சுவரில் முட்டுக்கொடுத்தபடியே நின்றன. மறுநாள் இல்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவன் பெண்டாட்டி கலையரசி மிளகாய் சுற்றிப் போட்டாள்.

எனக்கு வயிற்றில் ஒரு பிடிப்பு, முறுக்கிப் பிழிகிற மாதிரி. வெளியே போய் நாலு நாள் ஆகிறது. உங்கம்மா, "இன்னாடா தம்பி, ஈறெல்லாம் நீலமா கோடு போட்டுக்கினு கீது" என்று கேட்டாள். வெற்றிலைக் கறை என்றேன். நான் வெற்றிலை போடுவதில்லை, ஆனாலும் அக்கா வாயை அடைக்க ஒரு பதில் வேண்டாமா?

எழுத்து கோணலாக இருந்தால், கொசு அடித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். தாளை மறக்காமல் அனுப்பு. செல்லமுத்து அவசரப்படுகிறார்.

கே. சர்புதீன்

புனே
28.1.2026

மாமா,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தட்டில் ஈயம் இருக்கிறது. ஈயம் என்றதும் பிரியாணி அண்டாவுக்குப் பூசுவதை நினைக்காதீர்கள். அது வெள்ளீயம். இது காரீயம், பேட்டரிக்குள் இருப்பது. அந்தப் பள்ளம் முழுக்க அதன் தூள்தான். சும்மா கிடந்தால்கூட அது விஷம். நீங்கள் அதை வினிகரில் ஊறவைத்து, தண்ணீரில் கரைகிற உப்பாக மாற்றிவிட்டீர்கள். அந்த உப்பு தித்திக்கும். அல்லாஹ் போட்ட சர்க்கரை என்று எழுதினீர்களே, அந்தத் தித்திப்புதான் மாமா விஷம். ஆடு சுற்றியது அதனால். வயிறு முறுக்குவது அதனால். ஈறில் இருக்கும் கோடு அதன் கோடு. பெரியவர்களுக்குக் கையைத் தொங்கப் போட்டுவிடும். பிள்ளைகளுக்கு மூளையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு இறங்காது.

இன்றே நிறுத்துங்கள். நீங்களும் பாவாடை வீட்டு ஆட்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தில் ஈயம் பார்க்கவேண்டும் என்று இதே வார்த்தையைச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்க மாமா நாலு காசு பாக்கறது உனக்குப் பொறுக்கல இல்ல" என்று வைத்துவிட்டார்கள். யாரிடம் சொல்வேன் நான்?

நீங்கள் அந்தத் தட்டை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். என் ஃபார்முலாவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தது சர்புதீன் என்று நானே எழுதித் தருகிறேன், சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன். பெட்டியில் உங்கள் படமே இருக்கட்டும். நல்ல மண் நானே அனுப்புகிறேன். இந்த மண் வேண்டாம். விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு தட்டுகூடப் போகக்கூடாது.

சோதனை முடிவை இணைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜன்னத்

மலையடிவாரம்
4.2.2026

786

மருமகளே, தாள் கிடைத்தது. சீல் அழகாக விழுந்திருக்கிறது, வட்டமாக, நீலத்தில்.

நீ எழுதிய கடிதம் வீட்டுக்கு, சீல் வைத்த தாள் உலகத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். தாளுக்குக் கண்ணாடி போட்டுக் கொட்டகையில் மாட்டினேன். செல்லமுத்து வந்தார், அதில் இருந்த பெரிய நம்பர்மேல் விரலை வைத்து, "இது இன்னா பாய்?" என்றார். "மார்க்கு. இவ்வளவு மார்க்கை அந்த ஆபீசு இதுவரை யாருக்கும் போட்டதில்லையாம்" என்றேன். மனுஷன் என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதே ஆர்டர். நீ இருந்திருந்தால் நீயே நம்பியிருப்பாய்.

ஆனால் சும்மா போகாமல் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் மகள் தனுஷா காலேஜில் படிக்கிறாளாம். வாசித்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் வந்து, ஊர் கேட்க, "கொழந்தைங்க வாயில வெஷத்த வெக்கப் பாத்தியே, நீயெல்லாம் மனுசனா" என்று கத்திவிட்டுப் போனார். பாய் என்று கூடச் சொல்லவில்லை. வெறும் நீ. நாற்பது வருஷம் கடை வைத்தவனை.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பண்ணினேன் தெரியுமா? உனக்கும் சேர்த்து ஒரு முடிவு கட்டினேன். அடித்து அடுக்கியிருந்த தட்டு அத்தனையும், ஊறப்போட்டிருந்த மண் பீப்பாய்களும், எல்லாவற்றையும் பாவாடையும் நானுமாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, கொட்டகைப் பக்கத்து ஓடையில் கொட்டிவிட்டோம். வேண்டாம் என்றாயே, ஒன்றும் வைக்கவில்லை. குழி தோண்டுகிறவன் குறைந்த மூளைக்காரன். கரைகிற தட்டுக்குக் குழி எதற்கு? இரண்டாம் நாள் போய்ப் பார்த்தேன், ஒரு துண்டுகூட இல்லை, தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் தெளிந்துவிட்டது. பார்த்தாயா, என் தட்டு எப்படிக் கரைகிறது! மாசியிலும் வற்றாத ஓடை அது. கீழே விடுதித் தொட்டிக்கே அதிலிருந்துதான் குழாய் போகிறது.

வலது மணிக்கட்டு தூக்கமாட்டேன் என்கிறது. அறுத்த கோழிக் கழுத்து மாதிரி தொங்குகிறது. பேனாவை விரலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். இதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துப் போகிறேன். உங்கம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டிவிட்டேன். முழுதும் படித்துவிட்டு, என் மணிக்கட்டை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

சர்புதீன்

புனே
7.2.2026, சனிக்கிழமை

மாமா,

இதைப் படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்புகிறேன். அம்மா அடுத்த பஸ்ஸில் உங்களிடம் கொண்டுவருவார்கள். என் குரல் வேண்டாம், எழுத்தையாவது கேளுங்கள்.

தட்டு கரைந்துவிட்டது. மாவு கரையும், மண் கரையும். ஈயம் எங்கேயும் போகாது. நீங்கள் கொட்டியது இப்போது விடுதித் தொட்டியில் இருக்கிறது. பிள்ளைகள் நாலைந்து நாளாக அதைத்தான் குடிக்கிறார்கள்.

விடுதிக்குப் போன் போட்டேன், மணி அடிக்கவே இல்லை. மாவட்டப் புகார் எண்ணில் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார். செல்லமுத்துவின் எண் என்னிடம் இல்லை. இன்று ராத்திரி ரயில் ஏறுகிறேன், திங்கள் விடியற்காலை சேலம். அதுவரை அங்கே இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

உண்மையைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை, குடித்தவர் யாரும் உடனே விழப்போவதும் இல்லை. ஈயம் என்றால் ஒருத்தரும் டம்ளரைக் கீழே வைக்கமாட்டார்கள். அதனால் பொய் சொல்லுங்கள் மாமா. உங்களுக்குத் தெரிந்த பொய்யிலேயே பெரிய பொய். என்ன பொய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்தத் திறமை எனக்கு இல்லை. கேட்டதும் கை உதறி டம்ளர் விழவேண்டும். அப்படி ஒரு பொய்.

ஜன்னத்

8.2.2026, ஞாயிறு மாலை
கள்ளக்குறிச்சி

ஜன்னத்,

சொல்வது நான். எழுதுவது என் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் காவல் இருக்கும் போலீஸ்காரர் தீனதயாளன். இரண்டு கையும் இப்போது தூக்கவில்லை. உன் நம்பருக்கு இவரே படம் எடுத்து அனுப்புவார். நல்ல பிள்ளை.

நேற்று சாயந்தரம் உங்கம்மா கடிதத்தை வாசித்துக் காட்டியதும் கிளம்பினேன். விடுதியில் சாப்பாட்டு நேரம். வாசலில் நின்று, "ஓடையில மெத்தனால் கேனக் கொட்டினது நாந்தான்!" என்று கத்தினேன். கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம் இந்தச் சீமையில் அந்த வார்த்தைக்கு இருக்கிற பயம் வேறு எதற்கும் கிடையாது. தாயும் தகப்பனும் ஒரே நாளில் போன வீடுகளைப் பார்த்தவர்கள் நாம். சமையல்காரப் பெரியம்மாள் குண்டானை அப்படியே கவிழ்த்துவிட்டு, "அடப்பாவி, அடப்பாவி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். டம்ளர்கள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வார்டன் குழாயைப் பூட்டினார். யாரோ என்னை அடித்தார்கள், யார் என்று பார்க்கவில்லை. கேன் என்ன நிறம் என்று போலீஸ் கேட்டது. நீலம் என்றேன். எங்கே வாங்கினாய் என்றார்கள். ஒரு ஊரைச் சொன்னேன், ஒரு பேரைச் சொன்னேன், அந்த ஆளுக்கு மீசைகூட வைத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ஜன்னத், என் வாழ்நாளில் ஒரு சபை என்னை இப்படி முழுசாக நம்பியதே இல்லை.

நேற்று ராத்திரியே தண்ணீரை எடுத்துப்போய் அவசர அவசரமாகச் சோதித்தார்கள். இப்போது முடிவு வந்துவிட்டது. மெத்தனால் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிறார்கள். மெத்தனாலுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். வார்டன் அழுதேவிட்டாராம்.

உடனே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். பேட்டரி, பள்ளம், வினிகர், தட்டு, ஓடை, ஒன்று விடாமல். ஒரு வார்த்தைகூட ஏற்றிச் சொல்லவில்லை. அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, "நேத்து மெத்தனாலு, இன்னிக்கி பேட்டரியா? நாளைக்கி இன்னா பாய், அணுகுண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும் தீனதயாளனும் சிரிக்கிறார். கொட்டகையில் மாட்டிய தாளைப் பாருங்கள், செல்லமுத்துவைக் கேளுங்கள் என்றேன், அதற்கும் சிரிப்புதான். உன் கடிதத்தைக் காட்டலாம் என்றால், என் சட்டையை எங்கே கழற்றிப் போட்டார்கள் என்று தெரியவில்லை. உங்கம்மா தொட்டிமேட்டில் போய் உட்கார்ந்து, திறக்க விடமாட்டேன் என்றாளாம். ரெண்டு பேராகப் பிடித்து இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறக்கிறார்கள். ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாமல் இருந்த பிள்ளைகள்.

ரயிலில் டவர் கிடைத்த இடத்திலிருந்து இந்த நம்பருக்குப் பேசு. நான் பேசமாட்டேன், தீனதயாளன் பேசுவார். உன்னால் அழாமல் சொல்லமுடியும், அதனால் நம்புவார்கள். பேச முடியவில்லையென்றால், சேலத்தில் இறங்கி எந்த வண்டி கிடைத்தாலும் ஏறு. என்னைப் பார்க்க வராதே. நேரே தொட்டிக்குப் போ.

சர்புதீன்